உடையவனும் பிறரும்

யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று இலக்கங்கள்: முதலாவது உடையவனுக்கு, அடுத்தது அவன் குழுவுக்கு, கடைசி பிறருக்கு. 6 என்றால் படிக்கலாம், எழுதலாம், 4, படிக்க மட்டும், 0, ஒன்றுமில்லை. நண்பரின் கவிதைகள் பற்றிய என் கடுமையான குறிப்புக்கு 640 என்று இட வேண்டியவன் 046 என்று இட்டுவிட்டேன். அனுமதி இல்லை என்றது, எழுதியவனிடமே. உடையவனா என்றுதான் முதலில் பார்க்கிறது. ஆமெனில் விசாரணை அங்கேயே முடிந்தது, பிறருக்குள்ள சலுகை அவனுக்குக் கிடையாது. அதே கம்ப்யூட்டரில் கணக்குள்ள நண்பரோ படிக்கலாம், திருத்தவும் செய்யலாம். நிர்வாகியைக் கூப்பிடத் தேவையில்லை (அவருக்கு இந்த இலக்கங்கள் பொருட்டல்ல, அவரும் படித்துவிடுவார்). இலக்கத்தை மாற்றும் உரிமை உடையவனிடமே இருக்கிறது. உடைமை என்பது இவ்வளவுதானா? மாற்றினேன். திறந்ததும், நண்பர் எதையாவது தொட்டிருக்கிறாரா என்றே தேடினேன். ஒரு சொல்லும் மாறவில்லை. படித்துவிட்டு அப்படியே விட்டிருப்பாரோ என்று உறுத்துகிறது. அவரிடம் கேட்கவில்லை.