மூழ்குபவன் பங்கு

இலாபம் என்ற சொல் காதில் விழுந்ததும் முகம் சுளிக்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. வாணிபம் என்றாலே வஞ்சகம், முதல் என்றாலே சுரண்டல் என்பது அவர்தம் முடிவு. மற்றொரு சாராரோ, "தொழில் தொடங்கு, நாடு தழைக்கும்" என்று மேடைதோறும் முழங்குகின்றனர். தொடங்கட்டும், வரவேற்கிறோம். ஆனால் எவன் பணம், எவன் உழைப்பு, இழப்பு நேர்ந்தால் எவன் தலையில் விடியும் என்று கேட்க அவர்கள் மறந்துவிடுகின்றனர். தூத்துக்குடிக் கரையில் நின்று பார்ப்பவர்க்கு அந்தக் கேள்வி மறக்காது.

கொற்கை முத்தின் புகழ் பாடாத புலவர் இல்லை. அந்த முத்தை எடுத்தவன் கதை என்ன? கல்லை மிதித்துக் கடலுக்குள் இறங்குவான். மேலே கயிறு பிடித்திருப்பவன் கைதான் அவன் உயிர்க்காப்பு. மூச்சடக்கிச் சிப்பி அரித்துக் கரை சேர்ந்தால், வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் மன்னார் வளைகுடாவில் நடந்த பங்கீடு இது: மூன்றில் இரு பங்கு அரசுக்கு; எஞ்சிய ஒரு பங்கு குளித்தவனுக்கும் அவன் கூட்டத்துக்கும். மூழ்கியவனுக்கு ஒன்று, முழங்கால் நனையாதவனுக்கு இரண்டு!

சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாகச் சொல்லிக் கரையில் அமர்ந்திருந்த 'கடல்கட்டி'க்கும் சிப்பியில் பங்கு உண்டு. நகைக்காதீர், தோழர்களே! ஆபத்தைச் சுமப்பவன் ஒருவன், ஆபத்தின் பெயரால் உண்பவன் மற்றொருவன் என்ற ஏற்பாடு கடல்கட்டியோடு ஒழிந்துவிட்டதா? கோட்டும் கணக்குப் புத்தகமுமாக அவன் வேறு உருவில் வருவதில்லையா?

இதே கரையில், பங்கு என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் தந்தவர் வ. உ. சிதம்பரனார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய கப்பல் வாணிபம் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் பிடியில் கிடந்தது. அதை எதிர்த்து 1906 அக்டோபர் 16-இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. முதல் 10 இலட்சம் ரூபாய். தலைக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். செல்வர் ஒருவரின் பெட்டியைத் திறக்கச் சொல்வதோடு நில்லாமல், ஊர் ஊராகச் சென்று பலர் மடியை அவிழ்க்கச் சொன்னார் அவர். 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன. எதிரி கட்டணத்தைக் குறைத்தான். இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்தான். பணக்கிடங்கு ஆழமாக உள்ளவன் எத்தனை நாளும் இழப்பைத் தாங்குவான். சிறியவன் தாங்குவானா? தடையற்ற போட்டி என்று ஏடுகள் புகழ்வதன் உட்பொருள் இதுதான்.

ஆயினும் நம் நெஞ்சைத் தொடுவது கப்பலைவிட, 1908 பிப்ரவரியில் நடந்தது. கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, கம்பெனி நடத்தும் வ. உ. சி. அவர்கள் பக்கம் நின்றார். மார்ச்சில் ஆலை இறங்கி வந்தது. இலாபம் தேடும் கை உழைப்பவன் தோளையும் அணைக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அதே மார்ச் 12-இல் அவர் கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912-இல் அவர் வெளிவருமுன்னே, 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பலும் போட்டிக் கம்பெனிக்கே விலைபோயிற்று. பின்னர்ச் சென்னையில் அவர் அரிசி வாணிபம் செய்து பிழைத்தார்.

ஒன்றை மறைக்க வேண்டாம்: 25 ரூபாய் அன்றைய கூலிக்காரனுக்கு எட்டாத தொகை. ஆலைத் தொழிலாளி கப்பலுக்குக் கைதட்டலாம். பங்குதாரன் ஆவது எளிதன்று. அந்தக் குறையைத் தீர்க்கும் வழி கூட்டுறவில் இருந்தது. 1904-இலேயே திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றிவிட்டது.

இன்றைய மீனவனைப் பாருங்கள். வலையும் எஞ்சினும் வாங்க வணிகரிடம் முன்பணம் பெறுகிறான். பிடித்த மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே தருகிறான். படகு அவன் பெயரில். விலை பிறர் நாவில். இவனைத் தொழில் முனைவோன் என்று பாராட்டுவது ஏளனம் அல்லவா? இந்தப் பூட்டை உடைத்துக் காட்டியவர்களும் உண்டு. திருவனந்தபுரம் பக்கத்து மரியநாட்டில் மீனவர் சங்கம் அமைத்து, ஏலத்தைத் தம் கையில் எடுத்தனர். அதுபோன்ற சங்கங்கள் இணைந்து 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு ஆயின. குமரி மாவட்டத்துக் கரைக்கும் அது பரவிற்று.

கடலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறந்தால் கூட்டுறவும் கரைந்துபோகும். சிப்பி முற்ற ஆண்டுகள் வேண்டும். முத்துப் பாரைச் சோதித்த பின்னரே குளிப்பு அறிவிப்பர். அத்தனை எச்சரிக்கை இருந்தும் தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதன்பின் அரசின் ஆய்வு நிலையத்தார் 1973-இல் இதே ஊரில் சிப்பியை வளர்த்து முத்து விளைவித்தனர். அந்தக் கலை குளிப்போர் குடியிருப்பின் கைத்தொழிலாக மலர்ந்திருக்க வேண்டாமா? ஆய்வகத்துக்கும் குடிசைக்கும் இடையே உள்ள தொலைவு, கொழும்புக்கு உள்ள தொலைவைவிட அதிகமா என்ன?