யாருக்கு முதலில்?

தங்கை மகள் இராணுவ நர்ஸ் ஆகப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. அவள் அப்பாவுக்குப் பெருமை. அவள் அம்மாவுக்கு, "யாரு வந்து கட்டுவா?" என்ற கவலை. எனக்கு என்ன என்பது எனக்கே தெளிவாக இல்லை. இருபத்தாறு வருடம் தனியார் மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்தவள் நான். போர் வேண்டாம் என்று ஊர்வலம் போனவளும் நான்தான்.

நீட் மதிப்பெண்ணை வைத்து அவளுக்கு டெல்லியில் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது. திண்ணையில் உட்கார்ந்து தயாரானாள். தேர்வாளராக நடிக்கும் வேலை எனக்கு.

"காயம்பட்ட ரெண்டு பேரை ஒரே நேரத்துல கொண்டு வராங்க. ஒருத்தன் நம்ம சிப்பாய், கையில குண்டு. இன்னொருத்தன் பிடிபட்ட எதிரி நாட்டுக்காரன், வயித்துல காயம், நாடி விழுந்துக்கிட்டே இருக்கு. யாருக்கு முதல்ல பார்ப்ப?"

"நம்ம ஆளுக்குத்தான் பெரியம்மா."

தப்பு என்றேன். 1949ஆம் ஆண்டின் முதலாம் ஜெனீவா ஒப்பந்தம், பன்னிரண்டாம் பிரிவு: சிகிச்சையில் யாருக்கு முன்னுரிமை என்பதை மருத்துவ அவசரம் மட்டுமே தீர்மானிக்க வேண்டும். எந்த நாட்டுக்காரன் என்பது கணக்கில் வராது. இந்தியா அதை ஏற்றுக்கொண்டு 1960இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு தலையை நிமிர்த்தி, "நீங்க வேலை பார்த்த ஆஸ்பத்திரியில யாருக்கு முதல்ல பார்த்தீங்க?" என்று கேட்டாள்.

அவள் குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆனால் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சாரத்திலிருந்து விழுந்த கட்டடத் தொழிலாளி ஒருவர் ஸ்ட்ரெச்சரில் கிடக்க, "அட்வான்ஸ் கட்டியாச்சா?" என்று கவுன்டரில் கேட்டுக்கொண்டிருந்த ஓர் இரவு நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் காய்ச்சலோடு வந்த வேறொருவருக்கு நான் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். வரிசை தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னபடி செய்தேன். நான் மறுத்திருந்தால் இராணுவ நீதிமன்றம் ஒன்றும் கூடியிருக்காது, வேலைதான் போயிருக்கும். ஆனால் என் அசல் சான்றிதழ்கள் அவர்கள் அலமாரியில் பூட்டிக் கிடந்தன.

கீழ்ப்படிதல் சீருடையோடு மட்டும் வருவதில்லை என்பதை ஒரு பதினேழு வயதுப் பெண் எனக்கு ஞாபகப்படுத்தினாள். போர் எதிர்ப்பாளராக அவளை எளிதாகக் கண்டித்துவிட முடியாது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. நர்ஸாக இருக்கும் ஒரு பெண் அதிகாரிப் பதவியையும் ஏற்றுக்கொண்டால் அவளுடைய முதல் கடமை யாருக்கு என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

அவளை அங்கே இழுப்பது என்ன? இந்தியாவில் இராணுவத்துக்கான நர்ஸ் பணி 1888இல், பிரிட்டிஷ் பெண்களோடு தொடங்கியது. 1943ஆம் ஆண்டின் அவசரச் சட்டம் அதைத் தனிச் சேவையாக்கி, நர்சுகளை கமிஷன் பெற்ற அதிகாரிகளாக்கியது. இந்திய இராணுவத்தின் மற்றப் பிரிவுகளில், மருத்துவர்களைத் தவிர்த்து, பெண்கள் அதிகாரிகளாக நுழைந்தது 1992இல்தான். இந்த நாட்டில் மேஜர் ஜெனரல் பதவியை எட்டிய முதல் பெண்ணும் ஒரு நர்ஸ்தான்: 1976இல், ஜி. அலி ராம்.

இப்போது புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூரு என்று ஆறு இடங்களில் கல்லூரிகள். அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் மொத்தம் 220 இடங்கள். நான்கு வருடம் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அரசுச் செலவு. சேரும்போதே பணியாற்றுவதாகப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். படிப்பு முடிந்தால் தோளில் லெப்டினன்ட் நட்சத்திரம்.

என்னை எல்லோரும் 'சிஸ்டர்' என்று கூப்பிட்டார்கள். அதில் பாசம் இருந்தது. கூடவே, சகோதரி சம்பளம் கேட்கமாட்டாள், உட்கார நாற்காலி கேட்கமாட்டாள் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. பெண் செய்யும் பராமரிப்பை 'சேவை' என்று புகழ்ந்தே கூலியைக் குறைப்பதை வீட்டிலும் பார்த்தோம், வார்டிலும் பார்த்தோம். அதே வேலைக்கு ஒரு பதவி, ஒரு சம்பள விகிதம், ஓய்வூதியத்துக்கு ஒரு வழி என்று ஓர் அமைப்பு தருமானால், அதன் பக்கம் திரும்பும் பெண்ணிடம் உன் கொள்கை எங்கே என்று கேட்பதற்கு முன்பு நாம் கொஞ்சம் வெட்கப்பட வேண்டும்.

அந்தப் பதவியிலும் ஓட்டை இருக்கிறது. அவளுடைய சேர்க்கை அறிவிப்பை நான் வாசித்தேன். மணமாகாதவர், விவாகரத்து பெற்றவர், சட்டப்படி பிரிந்தவர், கணவரை இழந்தவர் விண்ணப்பிக்கலாம். அதோடு ஒரு சொற்றொடர்: 'சுமைகள் இல்லாதவராக' இருக்க வேண்டும். அந்தச் சுமை என்பது பிள்ளைகள். வேறு சிலருடைய பிள்ளைகளைத் தேற்றி எழுப்புவதற்கு ஆள் எடுக்கும் இடத்தில், அவளுடைய பிள்ளை சுமை ஆகிவிடுகிறது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. லெப்டினன்ட் செலினா ஜான் 1988இல் இராணுவச் செவிலியர் சேவையிலிருந்து வெளியேற்றப்பட்டார். முக்கியக் காரணம், அவர் திருமணம் செய்துகொண்டது. திருமணமானால் பணி நீக்கம் என்ற 1977ஆம் ஆண்டு விதி பெண்களுக்கு மட்டுமே பொருந்தியது. 1995இல்தான் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதி வெளிப்படையாகவே தன்னிச்சையானது என்று சொல்லி, அவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. வெளியே அனுப்பப்பட்டு முப்பத்தாறு வருடம் கழித்து! அந்தப் பெண் பார்த்திருக்க வேண்டிய வேலையை அந்தப் பணம் திருப்பித் தராது.

1943ஆம் ஆண்டுச் சட்டம் இந்தச் சேவையைத் 'துணைப் படை' என்கிறது. பெண்கள் மட்டுமே சேரக்கூடிய சேவையாகத்தான் அந்தச் சட்டம் அதை உருவாக்கியது. போர்முனையின் முதலுதவி நிலையங்களில் கட்டுப் போடும் நர்சிங் அசிஸ்டென்ட் வேலைக்கோ ஆண்களைச் சிப்பாய்களாக எடுக்கிறார்கள். பராமரிப்பு பெண்ணின் இயல்பு, ஆபத்து ஆணின் உரிமை என்ற பழைய பாகப்பிரிவினைதான் இதிலும் இருக்கிறது. வீட்டில் அடுப்படியும் திண்ணையும் எப்படிப் பிரிந்தனவோ அப்படி.

பெண்ணியவாதிகளில் சிலர் இதற்கு ரொம்ப முன்பே கடுமையான பதில் சொல்லிவிட்டார்கள். வர்ஜீனியா வுல்ஃப் 1938இல் எழுதிய 'மூன்று கினிகள்' நூலில், போரைத் தடுக்க விரும்பும் பெண்கள் வெளியாட்களாகவே நிற்க வேண்டும் என்கிறார். ஆயுதம் ஏந்தக் கூடாது, ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்யக் கூடாது, போரில் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடையும் செய்யக் கூடாது. கடைசி நிபந்தனை என்னை நெடுநாள் தொந்தரவு செய்தது. அதில் நியாயம் இருக்கிறது. காயம்பட்ட சிப்பாயைத் தேற்றினால் அவன் மறுபடி போர்முனைக்குப் போவான். நர்சின் கை சுத்தமாக இருந்தாலும் அது போர் என்ற இயந்திரத்தின் ஒரு பகுதிதான். அந்த இயந்திரத்துக்குத் தாய்முகம் தருவதும் அவள்தான்.

ஆனால் வெளியாளாக நிற்பதற்கும் ஒரு வருமானம் வேண்டும். வுல்ஃபுக்கு அத்தை விட்டுச்சென்ற சொத்து இருந்தது. தங்கை மகளுக்கு இருப்பது கல்விக் கடனும், அவள் படித்து முடிப்பதற்குள் மாப்பிள்ளை பார்த்துவிடத் துடிக்கும் உறவினர்களும். தவிர, கட்டிலில் கிடக்கும் மனிதனுக்கு வலி நிவாரணி கொடுக்காமல் போரைத் தண்டிக்க முடியும் என்று நான் நம்பவில்லை. தண்டனை போவது போரை அறிவித்தவருக்கு இல்லையே, கட்டிலில் கிடப்பவனுக்குத்தானே. பெரும்பாலும் அவனும் ஏழை வீட்டுப் பிள்ளை.

என் தயக்கத்துக்கு இன்னொரு காரணம் இருந்தது. அதை அவளிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆயிற்று. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். அப்போது எனக்கு இவள் வயது. அன்று யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குள் இந்திய அமைதிப் படை நுழைந்தது. அன்றும் மறுநாளும் நோயாளிகள், மருத்துவர்கள், நர்சுகள், ஊழியர்கள் என அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். புலிகள் உள்ளிருந்து சுட்டார்கள் என்பது படையின் தரப்பு. மறுநாள் காலை, நாங்கள் மருத்துவப் பணியாளர்கள் என்று சொல்லிக்கொண்டு கைகளை உயர்த்தியபடி வந்த மருத்துவர் சுடப்பட்டதைப் பிழைத்தவர்கள் சாட்சியமாகச் சொல்லியிருக்கிறார்கள். 'முறிந்த பனை' நூல் இதைப் பதிவு செய்தது. எல்லாத் தரப்பின் வன்முறையையும் எழுதிய அந்நூலின் ஆசிரியர்களில் ஒருவர் ராஜினி திராணகம. மருத்துவப் பேராசிரியர், பெண்ணியவாதி. 1989 செப்டம்பரில் அவரையும் சுட்டுக் கொன்றார்கள்.

நீ போடப்போகும் சீருடை அந்த இராணுவத்தினுடையது என்று அவளிடம் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்.

"அந்தச் சிப்பாய்களுக்குக் காயம் பட்டிருந்தா யாரு கட்டுப் போட்டிருப்பா?"

"இராணுவ நர்ஸ்."

"போட்டது தப்பா?"

தப்பில்லை என்றுதான் சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்வேன். கொலை செய்தவனின் காயமும் காயம்தான். அதே ஒப்பந்தம் காயம்பட்ட எல்லாருக்கும் ஒன்றுதான். தப்பு எங்கே தொடங்கும் என்றால், கட்டுப் போடும்போது அவன் வாயிலிருந்து கேட்டதை அவள் விழுங்கிக்கொள்ளும்போது. விசாரணைக்காகக் கொண்டுவரப்பட்டவனின் உடம்பில் உள்ள காயத்தைக் கேஸ் ஷீட்டில் 'கீழே விழுந்தது' என்று எழுதச் சொல்லி, அவளும் எழுதும்போது. அவளுடைய கடமை நோயாளிக்கா, மேலதிகாரிக்கா என்பது அந்த இடத்தில் தெரிந்துவிடும்.

சட்டம் அவளுக்கு எவ்வளவு துணை? இராணுவச் சட்டம் 'சட்டபூர்வமான' ஆணைக்குக் கீழ்ப்படியாமையைத்தான் குற்றமாக்குகிறது. ஜெனீவா ஒப்பந்தத்துக்கு எதிரான ஆணை அப்படிப்பட்டதல்ல என்று அவள் வாதிடலாம். மருத்துவ நெறிக்கு விரோதமாகச் செயல்படும்படி மருத்துவப் பணியாளர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நேரடியாகச் சொல்வது 1977ஆம் ஆண்டின் முதலாம் கூடுதல் நெறிமுறை. அதை இந்தியா இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆக, மறுப்பதற்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் அவள் பெரும்பாலும் தனியாகத்தான் நிற்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் போக வேண்டாம் என்று சொல்லலாமா? நான் இருந்த மருத்துவமனையில் எனக்கு இந்த அளவு இடம்கூட இருக்கவில்லை. அங்கே என்னைக் காக்க ஒப்பந்தமும் இல்லை, பதவியும் இல்லை. என்னால் முடியாததை அவளிடம் நிபந்தனையாக வைப்பது நேர்மையாகாது. ஆனால் அவள் கனவைக் கொண்டாடிவிட்டு, அதற்குள் இருக்கும் ஆபத்தைச் சொல்லாமல் அனுப்புவதும் நேர்மையாகாது. பெண் ஒரு பதவியைப் பிடித்தாலே விடுதலை என்று நம்மில் பலர் கை தட்டிவிடுகிறோம். அந்தப் பதவியில் உட்கார்ந்து அவள் 'முடியாது' என்று சொல்ல முடிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால் தோளில் நட்சத்திரம் இருந்தும் அவள் பழைய சிஸ்டர்தான்.

ஆகவே தயாரிப்பில் ஒரு பாடத்தைக் கூட்டினேன். காலையில் ஐந்து மணிக்குப் பள்ளி மைதானத்தில் ஓட்டம், பிறகு ஆங்கிலம், பொது அறிவு. சாயங்காலம் என்னோடு, எதற்கெல்லாம் மறுக்க வேண்டும் என்ற பட்டியல். நேர்முகத் தேர்வில் சொல்வதற்கு அல்ல. அவளுக்காக.

"ஏன் சேர விரும்புறேன்னு கேட்டா என்ன சொல்ல?"

"உண்மையைச் சொல்லு. வேலை வேணும், மரியாதை வேணும், இந்த வேலை பிடிச்சிருக்கு."

"நாட்டுக்குச் சேவைன்னு சொல்லலைன்னா எடுப்பாங்களா?"

"அதையும் சேர்த்துச் சொல்லிக்க. ஆனா அதை முதல்ல சொல்லாத."

டெல்லிக்கு ரயில் ஏறுவதற்கு முந்தைய நாள் பழைய கேள்வியை மறுபடி கேட்டேன். யாருக்கு முதலில்?

"வயித்துல காயம் பட்டவனுக்கு," என்றாள். உடனே, "வேண்டாம், நம்ம ஆளைப் பாருன்னு மேல உள்ளவங்க சொன்னா?"

நர்சுகளுக்கு வாய்மொழி உத்தரவு எப்போதும் ஆபத்து. பிரச்சினை என்று வந்தால் சொன்னவர் சொல்லவே இல்லை என்பார். அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் சரியான நேரத்தில் பயன்படுத்தத் தவறிய பழக்கம் அது.

"கை வேலையை நிறுத்தாத. அந்த உத்தரவைக் கேஸ் ஷீட்டில எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்கன்னு கேளு," என்றேன்.

நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டாள்.