குறுக்கி எழுதுதல் தகுமா?

சொற்களைக் குறுக்கி எழுதும் வழக்கம் நம்மவரிடையே மிதமிஞ்சிப் பரவிவிட்டது. கைப்பேசியில் தோன்றிய இவ்வழக்கம் அங்கேயே நின்றிருக்குமாயின் அதைப்பற்றி ஒருவர் எழுத முன்வர வேண்டுவதில்லை. அதுவோ விடுப்பு விண்ணப்பத்திலும், பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை ஏட்டிலும், மணவாழ்த்திலும், இழவுச் செய்தியிலுங்கூடப் புகுந்துவிட்டது. ஆங்கிலத்தில் நன்றி கூற ‘டிக்யூ’; மலாயில் இல்லை எனப் பொருள்படும் ‘தாக்’ என்னும் சொல்லுக்கு ‘எக்ஸ்’ என்ற ஒற்றை எழுத்து; சரி என்பதற்கு ‘ஓகே’ என்பதும் நீண்டுவிட்டதாகக் கருதி வெறும் ‘கே’. தமிழின் நிலையோ இன்னும் பரிதாபம். அது தன் எழுத்தையே இழந்து, உரோமன் எழுத்தில், உயிரெழுத்துக்களும் உதிர்ந்துபோக, எலும்புக்கூடாய் நடமாடுகின்றது.

இதைக் கண்டிக்கப் புகுமுன், நியாயமாகச் சிலவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குறுக்கி எழுதுதல் நேற்றுப் பிறந்த வழக்கமன்று. நம் முன்னோரின் கணக்கேடுகளில் நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி ஆகிய ஒவ்வொன்றிற்கும் தனித்தனி அடையாளம் இருந்தது. கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு அவ்வடையாளங்களிடத்தில் ஒருவகை உறவுண்டு. மின்சாரத் தந்தி வந்தபொழுதும் அப்படியே. இந்நாட்டில் 1876ஆம் ஆண்டு பேராக்கில் கோலகங்சாருக்கும் தைப்பிங்கிற்கும் இடையே முதல் தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய காலத்தில், ‘தாய் கவலைக்கிடம் புறப்படு’ என்று மூன்றே சொற்களில் எழுதியவனை யார் குறை கூறுவர்? அம்மூன்று சொற்களும் முழுச் சொற்கள். படித்தவன் மயங்க இடமில்லை.

பின்னர்க் கைப்பேசிக் குறுஞ்செய்தி வந்தது. அதில் உரோமன் எழுத்தாயின் 160 குறிகள் அடங்கும். தமிழெழுத்தாயின் 70 குறிகளே அடங்கும். ஒவ்வொரு செய்திக்கும் காசு. அன்றைய கருவிகள் பலவற்றில் தமிழ் தோன்றவே தோன்றாது. வெறுங் கட்டங்களே தெரியும். ஆகையால் நம்மவர் உரோமன் எழுத்திற்குத் தாவியதும், அதையும் நறுக்கியதும் முற்றிலும் அவர்கள் குற்றமென்று நான் கூறமாட்டேன். நான் ஆங்கிலம் வாயிலாகக் கல்வி கற்றவன். தமிழைத் தாயிடம் கற்றேன். பள்ளியில் நண்பருடன் சேர்ந்து இவ்வித்தையை விளையாட்டாகப் பழகினவர்களுள் நானும் ஒருவன்.

ஆனால் இன்று நிலைமை என்ன? இணையத்தின் வழிச் செல்லும் செய்திகளுக்கு எழுத்தெண்ணிக் காசு வாங்குவார் இல்லை. கைப்பேசிகளில் தமிழெழுத்து அழகாகத் தோன்றுகின்றது. காரணம் இறந்துவிட்டது, காரியம் மட்டும் உயிரோடிருக்கின்றது. வேறொரு காரணம் அதைத் தாங்கிக்கொண்டிருக்கின்றதோ என்று ஆராய வேண்டாவா?

நன்னூல் செய்த பவணந்தியார், ஒரு நூலுக்குரிய பத்து அழகுகளைச் சொல்லும்பொழுது சுருக்கத்தையே முதலில் வைத்தார். உடனே அடுத்தபடியாக விளக்கத்தை வைத்தார். அவ்வளவோடு நில்லாமல், பத்துக் குற்றங்களைச் சொல்லும்பொழுது, வேண்டியதிற் குறைத்துச் சொல்லுவதை முதற் குற்றமாக எண்ணினார். சுருக்கம் அழகுக்கும் தலைமை, குறைபாடு குற்றத்துக்கும் தலைமை. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள கோடு எது? படிப்பவனுடைய உழைப்பே அக்கோடு என்று எனக்குத் தோன்றுகின்றது. நல்ல சுருக்கத்தில் எழுதுபவன் பாடுபடுகிறான், படிப்பவன் இளைப்பாறுகிறான். இக்காலக் குறுக்கத்தில் எழுதுபவன் இளைப்பாறுகிறான். அவன் விட்ட எழுத்துக்களையெல்லாம் தேடிப் பொறுக்கிச் சேர்க்கும் வேலை படிப்பவன் தலையில் விழுகின்றது. உழைப்பு ஒழியவில்லை, ஆள் மாறிற்று.

எந்த ஆளின் தலையில் விழுகின்றது என்பதையும் பார்க்கவேண்டும். தோட்டத்து ஆபீசில் இருந்து நான் கண்டதைச் சொல்லுகிறேன். செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர், மகளைப் பள்ளியிற் சேர்க்க முன்பணம் கேட்டு எழுதினால், ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கி, ஒரு சொல்லையும் நறுக்காமல், பிழை வந்துவிடுமோ என்று அஞ்சி அஞ்சி எழுதுகிறார். அவருக்குப் போகும் மறுமொழி ‘கே’. பணம் கிடைக்கும் என்பதா? பார்த்தேன் என்பதா? மறுநாட் காலைப் பெரட்டுவரை அவர் அதைச் சுமந்துகொண்டிருக்க வேண்டும். மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்குக் குறுக்கி எழுதுவான். கீழே இருப்பவனுக்கு அவ்வுரிமை கிடையாது. சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து வெட்டிய நாம், இப்புதிய ஏற்றத்தாழ்வை விரல்நுனியில் வளர்க்கின்றோம். ‘கே’ என்று எழுதிய கை பல சமயங்களில் என் கையே என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இதைவிடப் பெரியதொரு பிழையும் அக்கை செய்தது. மூன்றாண்டுகளுக்கு முன், எங்கள் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் மருத்துவமனையிற் கிடந்தார். ஒரு புதன்கிழமை நண்பகலில், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, உறவினர்க்கு அறிவித்துவிடுங்கள் என்று மருத்துவர் கூறினார். அவருடைய ஒரே மகன் சிங்கப்பூரில் வேலை. அம்மையார் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிற் படித்தவர்; தமிழ் எழுத்தை வாசிப்பார், உரோமன் எழுத்தை அறியார். “தம்பி, நீயே அவனுக்கு எழுதிவிடப்பா” என்றார். நான் உரோமன் எழுத்தில், “டாக்டர் சொன்னார், வழி இல்லை, பார்த்து வா” என்று தட்டினேன். ழகரத்திற்கு உரோமனில் இரண்டெழுத்து வேண்டும். நான் ஓரெழுத்தை மிச்சம் பிடித்தேன். வழி என்பது வலி ஆயிற்று. அதை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

மகன் அதை, ‘வலி இல்லை’ என்று படித்து மகிழ்ந்திருக்கிறான். ‘கே, டிக்யூ’ என்று மறுமொழி வந்தது. செய்தி புரிந்துவிட்டது, புறப்படுகிறான் என்று நான் இருந்துவிட்டேன். அவனோ சனிக்கிழமை விடுமுறையில், தந்தைக்குச் சில பொருள்கள் வாங்கிக்கொண்டு வர எண்ணியிருந்தான். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பெரியவர் இறந்தார். அன்று மாலை வந்து சேர்ந்த மகன், காரியம் எல்லாம் முடிந்தபின் கைப்பேசியை என்னிடம் நீட்டி, “கிராணியாரே, வலி இல்லையென்றுதானே எழுதியிருந்தீர்கள்?” என்று கேட்டான். அவன் குரலிற் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

தொலைபேசியில் அழைத்துச் சொல்லியிருக்கலாமே என்று அன்பர்கள் கேட்பீர்கள். ஆம், சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் நெடுநாள் எண்ணிப் பார்த்தேன். எனக்கு அவசரம் இருந்ததா? இல்லை. செய்தியை அனுப்பிவிட்டு, அம்மருத்துவமனைத் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்து, பழைய பந்தாட்டம் ஒன்றைக் கைப்பேசியிற் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘உன் தந்தையார் இனிப் பிழைக்கமாட்டார், உடனே புறப்படு’ என்று ஒவ்வொரு சொல்லாக எழுதக் கை கூசிற்று. முழுச் சொல்லை எழுதுகிறவன் அச்சொல்லின் பாரத்தைச் சிறிது நேரமாவது சுமக்கவேண்டும். குறுக்கம் எனக்கு நேரத்தை மிச்சப்படுத்தவில்லை. அப்பாரத்தை இறக்கிவைத்துவிட்டு ஓட ஒரு சந்து காட்டிற்று. நான் மேலே கேட்ட வேறு காரணம் இதுதானோ என்று ஐயுறுகிறேன். நன்றியையும், வருத்தத்தையும், மன்னிப்பையுமே நாம் மிகுதியாக நறுக்குகின்றோம் என்பதைக் கவனியுங்கள். சொல்லுவதற்குச் சிறிது வெட்கமும் துணிவும் வேண்டியவை அவையே.

நீட்டி எழுதினால் மட்டும் உண்மை வந்துவிடுமா என்றால், வராது. முன்நாளில் ஊருக்குப் போன கடிதங்களில், ‘இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்திற்கு எழுதவும்’ என்று ஒரு பக்கத்துக்குச் சடங்குச் சொற்களாகவே இருக்கும். காய்ச்சலிற் படுத்திருந்தவனும் க்ஷேமம் என்றே எழுதினான். ஆகவே நீளத்திற்காக நான் வாதாடவில்லை. இத்தனை டன் குலை, இன்ன வயல், இன்ன லாரி என்று ஆபீசுக்குள் குறிப்பெழுதுவதில் குறுக்கம் இருக்கட்டும். எழுதுபவனும் படிப்பவனும் ஒரே குறியை அறிவார்கள்.

இளம் நண்பர் ஒருவர், “பெரியார் எழுத்தைச் சீர்திருத்தினாரே, இதுவும் சீர்திருத்தந்தானே?” என்றார். பெரியார் 1935இல் தம் ஏட்டில் புது வடிவங்களைக் கையாண்டார். அவற்றுட் பலவற்றைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 1978இல் ஏற்றது. துதிக்கைபோல் வளைந்த ணை, லை, னை முதலியவற்றை நீக்கியது, எழுத்தறியாதவனும் விரைவிற் கற்று வாசிக்க வேண்டும் என்பதற்காக. அது கதவைத் திறந்தது. ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் விளங்கும் குறுக்கமோ, அவ்வம்மையாரைப் போன்றவர்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துகின்றது. கணவன் சாகக் கிடந்த செய்தியைத் தம் கண்ணாற் படித்துச் சரிபார்க்க அவரால் இயலவில்லை. தமிழெழுத்தில் இருந்திருந்தால், “தம்பி, இது வலியில்லை, வழி” என்று அவரே திருத்தியிருப்பார்.

காரியம் முடிந்த பதினாறாம் நாள், மகனுடைய கைப்பேசியில் தமிழ் விசையை நான் அமைத்துக் கொடுத்தேன். மெதுவாகத்தான் வருகிறது என்கிறான், ஞாயிற்றுக்கிழமைதோறும் எழுதுகிறான். அம்மையார் வாசற்படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லின்மீதும் விரலை வைத்துப் படிக்கிறார். இப்பொழுதெல்லாம் கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வருவதில்லை. வழியிற் கண்டால் மட்டும், “லகர ழகரம் அவனுக்கு இன்னும் சரியாக வரவில்லை, தம்பி” என்கிறார்.