தோல் வேண்டாம் என்பார்க்கு ஒரு வினா

சைக்கிளில் நெடுந்தூரம் செல்வோர் யாவரும் அறிந்த துன்பம் ஒன்று உண்டு. கால் ஓய்வதற்கு முன்னரே உட்காருமிடம் ஓய்ந்துவிடும். அண்மையில் நம்மினும் மூத்த நண்பர் ஒருவர், "தம்பி, என் சைக்கிளுக்குச் சுகமான சீட் ஒன்று வேண்டும், ஆனால் அதில் தோல் ஒரு விரற்கடை அளவும் இருத்தல் ஆகாது. அப்படி ஒன்று உண்டா?" என்று நம்மை வினவினார். கேள்வி சிறிது; எனினும் அதனுள் அடங்கிய அறம் சிறிதன்று.

முதற்கண் கேட்ட கேள்விக்கு விடை கூறுவோம். மெத்தென்று இருப்பதே சுகம் எனப் பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. நம் பாரத்தைத் தாங்குவன இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகள். அவை ஆசனத்தின் அகன்ற பகுதியில் நன்கு பொருந்தினாற்றான் சுகம் உண்டு. மிக மெத்தென்ற ஆசனத்தில் எலும்புகள் அமிழ்ந்துபோக, இடையிலுள்ள மென்மையான தசை நெருக்குண்டு மரத்துவிடும். தம் அளவை அறிய விரும்புவோர், கடினமான முக்காலியின்மேல் பெட்டி அட்டைத் துண்டு ஒன்றை வைத்து அழுந்த உட்கார்ந்து எழுவாராக. அட்டையில் இரு குழிகள் தோன்றும். அவற்றின் நடுவிடங்களுக்கு இடையேயுள்ள தூரத்தினும் ஆசனம் ஓரிரு சென்டிமீட்டர் அகன்றிருத்தல் நன்று.

தோலாசனம் புகழ் பெற்றமைக்குக் காரணம் உண்டு. இங்கிலாந்திலே பர்மிங்ஹாம் நகரில் 1866ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற புரூக்ஸ் கம்பெனியார், 1882இல் சைக்கிள் ஆசனத்துக்கு உரிமைப் பட்டயம் பெற்றனர். தடித்த மாட்டுத் தோலை இரும்புச் சட்டத்தின் முன்னும் பின்னும் இழுத்துக் கட்டி, தூளி போலத் தொங்கவிடுவது அவர்தம் முறை. நாளடைவில் அத்தோல் ஏறுவோரின் உடலுக்கேற்பப் படிந்துகொடுக்கும். ஆதலின் தோலன்றிச் சுகமில்லை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. ஆனால் அக்கம்பெனியாரே 2013இல் கேம்பியம் என்னும் ஆசனத்தை வெளியிட்டனர். பதப்படுத்திய இயற்கை ரப்பரின்மேல் பருத்தித் துணி போர்த்து, அதே தூளி முறையில் தொங்கவிடப்பட்டது அது. எனவே தோலில்லாச் சுகம் கிட்டாத பொருளன்று. கேட்டவர்க்கு விடையும் கிடைத்துவிட்டது.

நிற்க. தோல் ஏன் வேண்டாம்? இதனை நண்பரிடமே வினவினோம். "உயிர்க்கொலைக்கு உடந்தையாக இருக்க மனம் ஒப்பவில்லை" என்றார். நல்ல மறுமொழி. இறைச்சிக்காகக் கொன்ற மாட்டின் எஞ்சிய பொருள்தானே தோல், அதனால் பாவம் என்னை என்று வாதிப்போர் உளர். தோலுக்குக் கிடைக்கும் விலையும் கொன்றவன் கணக்கில் வரவாகவே ஏறுகிறது என்பதை அவர் மறந்தனர். புலால் மறுத்தலைப் பாடிய வள்ளுவர், வாங்குவோரையும் விற்போரையும் ஒரே கயிற்றால் பிணைத்தன்றோ நோக்கினார்?

எனினும் தோலை மறுப்பார் எல்லாரும் இரக்கத்தால் மறுப்பவர் அல்லர். தோல் தீட்டு என்று மறுப்போரும் நம்மிடையே உண்டு. அத்தீட்டு மாட்டோடு நில்லாமல், தோலைப் பதனிட்டவனையும் தைத்தவனையும் தெருவுக்கு வெளியே நிறுத்திற்று. மாட்டுத் தோல் போர்த்த மிருதங்கம் கோயிலுக்குள் முழங்கலாம். அதனை இழுத்துக் கட்டியவன் மட்டும் வாயிலுக்கு அப்பால் நிற்கவேண்டுமாம்! இதுவோ நீதி?

இதனைக் கூறியபோது நண்பர் முகம் சுளித்தார். பின்னர் நெடுநேரம் வாளாவிருந்தார். இறுதியில், "தம்பி, எங்கள் வீட்டில் செருப்புத் தைத்தவருக்குக் காசைக் கையில் கொடுக்கமாட்டார்கள், தரையில் வைப்பார்கள். சிறு வயதில் நானும் வைத்திருக்கிறேன். தோலை நான் வெறுப்பது மாட்டை எண்ணியா, அந்த மனிதரை எண்ணியா என்று எனக்கே இப்போது ஐயமாயிருக்கிறது" என்றார். இவ்வாறு தம்மைத் தாமே வினவிக்கொள்ளும் துணிவு எத்தனை பேருக்கு உண்டு?

இனி, ரப்பர் ஆசனம் குற்றமற்றதோ எனின், அதனையும் ஆராய்தல் வேண்டும். தோட்டத்து மக்களுக்கு நாம் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வெயில் ஏறுமுன்னர்ப் பால் நன்கு சுரக்கும். ஆதலின் வெட்டுவோர் விடியுமுன்னே எழவேண்டும். உடலுழைப்புக்கு ஆள் அனுப்புவதை 1938இல் இந்திய அரசாங்கம் தடுக்கும் வரையில், கங்காணிகள்வழிக் கப்பல் கப்பலாக வந்தவர் நம்மவர். காட்டை வெட்டி மரம் வளர்த்து, அம்மரத்தடியிலேயே மாண்டோர் பலர். இன்று ரப்பர் நின்ற நிலத்தில் பெரும்பகுதி செம்பனை நிற்கிறது. எஞ்சிய மரத்தை வெட்டும் கை எவருடையது, அதற்குக் கூலி எவ்வளவு என்பதை ஆசனத்தின் விலைச்சீட்டு உரைப்பதில்லை. நான்கு காலுடைய உயிர்க்கு இரங்கிய நெஞ்சம், இரண்டு காலுடைய உயிர்க்கு இரங்காதாயின் அவ்விரக்கம் அரைகுறையே.

ஆயின், எதிலும் குற்றம் உண்டு, ஆதலின் தோலையே வாங்குக என்பது நம் கருத்தன்று. முழு நன்மை கைகூடவில்லை என்பதற்காகச் சிறு நன்மையைக் கைவிடுதல் சோம்பர் செயல். கொலையைக் குறைக்கும் பொருளை வாங்குவோம். அதனோடு அதனைச் செய்த கையைப் பற்றியும் கேட்போம். கடைக்காரர் விடையறியாவிடினும், பலர் கேட்கக் கேட்க அறிந்தே தீரவேண்டிய நாள் வரும்.

நண்பர் தோலில்லா ஆசனமே வாங்கினார். சுகமாயிருக்கிறது என்கிறார். மறுவாரம் பட்டணத்துக்குச் சென்றவர், அறுந்துபோன தம் துணிப்பையின் வாரை, நடைபாதையில் அமர்ந்து செருப்புத் தைக்கும் முதியவரிடம் கொடுத்தார். தைத்து முடியும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, கூலியை அவர் கையிலேயே கொடுத்து வந்தாராம்.

தோலை விலக்குவது அறமாகலாம். தோலைத் தொட்ட கையை விலக்குவது ஒருநாளும் அறமாகாது.