கயிறு யார் கையில்?

நாடு கையில் இல்லாதபோதுதான் சட்டத்தைத் தாராள மனத்தோடு எழுத முடிகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

1931 மார்ச் 23-ந் தேதி பகத் சிங் தூக்கிலிடப்பட்டார். அந்த மாதக் கடைசியில் கராச்சியில் கூடிய காங்கிரஸ், வரப்போகும் சுயராஜ்யத்தில் குடிமகனுக்குரிய உரிமைகளைப் பற்றித் தீர்மானம் செய்தது. பேச்சுரிமை, வயது வந்தோருக்கெல்லாம் ஓட்டு, கிணற்றிலும் சாலையிலும் பள்ளியிலும் சமத்துவம், இலவச ஆரம்பக் கல்வி என்று அது நீண்டது. ஆகஸ்டில் பம்பாயில் அதைத் திருத்தி விரித்தபோது, மரண தண்டனை கிடையாது என்றும் எழுதினார்கள்.

1950-ல் குடியரசு வந்தது. ஓட்டு கிடைத்தது. தீண்டாமை ஒழிப்பு 17-வது ஷரத்தாயிற்று. கல்வி 2002-ல்தான் அடிப்படை உரிமையாக அரசியல் சட்டத்தில் ஏறிற்று. தூக்குக் கயிறு மட்டும் போகவில்லை. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்திலும் அது இருக்கிறது.

ஆளுகிறவனுக்குப் பொறுப்பு உண்டு, கொலைகாரனை என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கொலைகாரர்கள் 1931-லும் இருந்தார்கள். சட்டம் எழுதுகிறவர்கள் நின்ற இடந்தான் மாறிவிட்டது. அன்று கயிறு தங்கள் பக்கத்துக் கழுத்துக்கும் வரக்கூடியதாக இருந்தது.

ஒலக்கூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் வண்டியை விட்டிறங்கி, வரப்போடு வீட்டுக்கு நடக்கும் ஒரு கூலிக்காரரை நினைத்துப் பார்க்கிறேன். நல்ல வக்கீல் வைக்க வசதியில்லாத அவர்மேல் ஒரு பொய் வழக்கு வந்தால்? தீர்ப்புத் தவறென்று பின்னால் தெரிந்தால் சிறைக் கதவைத் திறந்துவிடலாம். கயிற்றை அவிழ்த்து என்ன பயன்?

அடிப்படைச் சட்டம் எழுதுகிறவன் அவர் இடத்தில் நின்று எழுத வேண்டும். 1931-ல் காலமே அவர்களை அங்கே நிறுத்தி வைத்தது. நாம் மனச்சாட்சியால்தான் போய் நிற்க வேண்டும்.