ஆசிரியர் உள்ளமும் கற்பிக்கும் பணியும்

ஒரே நூலை ஒத்த புலமையுடையார் இருவர் பாடஞ் சொல்லுகின்றனர். ஒருவர்பாற் கற்றோர் தெளிவும் வேட்கையும் பெறுகின்றனர். மற்றவர்பாற் கற்றோர் சொற்களை மட்டும் சுமந்து செல்கின்றனர். புலமை ஒத்திருப்பவும் பயன் வேறுபடுதற்குக் காரணம் யாதென ஈண்டு ஆராய்வாம்.

குறை அறிவின்கண் அன்று என்பதை, ஆசிரியராகாதார்க்கு நன்னூலார் காட்டிய உவமைகளே உணர்த்தும். கழற்குடம் இட்ட முறையிற் கொடாது. மடற்பனை அணுகவிடாது, தானே வீழ்ந்த பழத்தையே தரும். பருத்திக் குண்டிகை சிறிது சிறிதாகவே ஈயும். முடத்தெங்கு நீர் வார்த்தவனை விடுத்து அயலானுக்குக் காய் உதிர்க்கும். இந்நான்கனுள் வெறுங்குடமும் இல்லை. காய்க்காத மரமும் இல்லை. உள்ள பொருள் கொள்வோனை நோக்கிச் செல்லாமையே குற்றமாயிற்று.

ஊதியங் கொள்ளுதலே ஊக்கத்தைக் கெடுக்கும் என்பாரும் உளர். அது பொருந்தாது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) மாணவர்பாற் பொருள் வேண்டாது கற்பித்தார்கள். அவர்கள் மாணவராகிய சாமிநாதையரவர்களோ 1880 முதற் கும்பகோணம் கல்லூரியில் ஊதியம் பெற்றே கற்பித்தார்கள். இருவரும் நல்லாசிரியரே.

உழைப்பின் மிகுதியே ஈடுபாடு எனலும் அமையாது. புகழ் விரும்பி அயராதுழைப்பாரும் உளர். மாணவன் வினாவொன்றால் மடக்கியவிடத்து அவர் முகம் மாறும். ஆண்டு வெளிப்படுவது 'யான் அறிவேன்' என்னும் செருக்கேயாம்.

சகலாகம பண்டிதர் எனப் பெயர்பெற்ற அருணந்தி சிவாசாரியார், தம்மினும் மிக இளையரான மெய்கண்டாரை அணுகி, ஆணவத்தின் இயல்பு யாதென வினவினர். அவர் வாய் திறவாது, வினவி நின்றவரையே சுட்டிக் காட்டினர் என்பது மரபுவழி வரலாறு. பண்டிதர் அப்பொழுதே மாணாக்கராயினர். பின்னர்ச் சித்தியாரை அருளி, மறைஞானசம்பந்தர்க்கு ஆசிரியரும் ஆயினர். ஆகமப் புலமை முன்னரே நிரம்பியிருந்தது, மாறியது உள்ளமே.

சிவஞானபோதப் பத்தாஞ் சூத்திரத்தில் விளங்கும் இறைபணி நிற்றல் கற்பிப்போர்க்கும் உரியதெனக் கருதுகின்றோம். தன் செயலன்றெனின் சோர்வு வாராதோ எனின், வாராது. பணி ஆண்டானுடையது ஆகலின், அதன்கட் சோர்தல் அவனுக்குச் செய்யும் பிழையாம். அவ்வாறு நிற்பார்க்கு மாணவன் வினா இடையூறாகாது, மந்தமாணவனும் சுமையாகான். மடங்களிலாயினும் கல்லூரிகளிலாயினும், பாடந் தொடங்குமுன் ஆசிரியர் தம்மை வினவிக்கொள்ளத் தக்கது, 'யாம் எத்துணை அறிவோம்' என்பதன்று. 'இவன் எதனால் அறியாது நிற்கின்றான்' என்பதே.