போதும் என்பது யாருடைய சொல்?

பொன்னையும் பொருளையும் எவ்வளவு கொடுத்தாலும் மனுஷன் போதும்னு சொல்ல மாட்டான், சோறு போட்டால் மட்டும்தான் கையை மறித்துப் போதும்பான் என்று நம் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அன்னதானத்தை உயர்த்திச் சொல்ல வந்த பேச்சு. எனக்கு அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. அங்கே போதும் என்று சொல்கிறவன் சாப்பிடுகிறவன். அதே சொல்லைப் பரிமாறுகிறவர் சொன்னால் அர்த்தமே மாறிவிடும். ஒருத்தன் தன் இலையைப் பார்த்துச் சொன்னால் அது நிறைவு. அடுத்தவர் அவன் இலையைப் பார்த்துச் சொன்னால் அவமானம்.

இதைப் பற்றி யோசிக்க வைத்தவர் எங்க அண்ணன். மதுரை மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறார். நாள் முழுக்கக் காய் மூட்டைகளுக்கு நடுவில் இருக்கிறவருக்கு வீட்டுக்கு வந்தால் காய் இறங்காது. "பகல்ல பாக்குறது பத்தாதா, தட்டுலயும் அதுதானா?" என்பார். ஆனால் நல்ல சாப்பாட்டுக்காரர். இட்லி என்றால் எட்டு. மத்தியானம் குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று தடவை சோறு குவியும். போன வருஷம் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.4 என்று வந்தது. அரிசியைக் குறைங்க, காய்கறி நிறையச் சேர்த்துக்கங்க என்றார் டாக்டர். சரியான ஆலோசனைதான். ஆனால் அது காய் பிடிக்காத, அரை வயிற்றோடு தூக்கம் வராத ஒரு ஆள் தலையில் வந்து விழுந்தது.

அன்றிலிருந்து வீட்டில் அவர் தட்டு மட்டும் சிறிதாகிவிட்டது. உப்புக் குறைவாக அவித்த பீன்ஸ், ஒரு கரண்டி சோறு. அண்ணி எண்ணிப் பரிமாறினார். ஒரு நாள் பத்து வயசு மகள், "அப்பா, இது நாலாவது தோசை" என்றாள். பிள்ளை விளையாட்டாகத்தான் சொன்னாள். அண்ணன் அந்த நாலாவது தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அதற்கப்புறம் பல ராத்திரி, "மண்டியிலேயே சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். மண்டிப் பக்கத்துக் கடையில் ராத்திரி என்ன கிடைக்கும் என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும். பரோட்டாதான்.

அண்ணியைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. "தம்பி, நாளைக்கு இவருக்குக் கால்ல புண்ணு வந்தா கட்டுப் போடப்போறது யாரு? கண்ணு மங்கிப்போனா கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது யாரு? அப்ப எனக்குச் சொல்ற உரிமை இல்லையா?" உடம்பு அவருடையதுதான். ஆனால் அந்த உடம்பு கெட்டால் வரும் வேலை இன்னொருத்தருடையது. ஒரு குடும்பத்தில் யார் உடம்பும் முழுக்க அவரவர் தனிச் சொத்து இல்லை. அப்படியானால் அடுத்தவர் தட்டைக் காவல் காப்பது அன்பா, அதிகாரமா?

இந்தக் கேள்வி பழையது. பாலி மொழி பௌத்த நூல்களில் கோசல நாட்டு அரசன் பசேனதியைப் பற்றி ஒரு கதை வருகிறது. துரோண அளவு அரிசியைச் சமைத்துச் சாப்பிடுகிறவன் அவன். ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு மூச்சு வாங்க புத்தரிடம் வந்து உட்காருகிறான். அளவறிந்து உண்பவனுக்கு வேதனை குறையும், ஆயுள் கூடும் என்ற பொருளில் புத்தர் ஒரு பாட்டுச் சொல்கிறார். அதோடு முடிந்திருந்தால் இது சாதாரண உபதேசக் கதை. ஆனால் அரசன் பக்கத்திலிருந்த சுதர்சனன் என்ற இளைஞனைக் கூப்பிட்டு, இந்தப் பாட்டை மனப்பாடம் செய்துகொள், நான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல், தினமும் நூறு காசு தருகிறேன் என்கிறான். கொஞ்சம் கொஞ்சமாக அவன் சாப்பாடு ஒரு நாழி அரிசிக்கு இறங்குகிறது.

இதில் என்னை நிறுத்தியது அந்த நூறு காசு. சாப்பிடும்போது அரசன் காதில் விழுவதும் 'போதும்' என்பதுதான். ஆனால் அதைச் சொல்ல ஆள் வைத்தவன் அவனே. சுதர்சனன் அரசனின் காவலன் இல்லை. அரசன் தன் பசிக்கு எதிராகத் தானே கூலி கொடுத்து வைத்துக்கொண்ட குரல். எங்கள் வீட்டில் அந்தக் குரலுக்கு யாரும் யாரையும் நியமிக்கவில்லை. எல்லாரும் தாமாகவே வேலையில் சேர்ந்துவிட்டார்கள்.

இதற்கு எதிர்த்திசையில் மணிமேகலையில் ஒருத்தி இருக்கிறாள். காயசண்டிகை. ஒரு முனிவர் வைத்திருந்த நாவற்பழத்தைக் காலால் சிதைத்துவிட்டதால், பன்னிரண்டு வருஷம் யானைத்தீ என்ற பசிநோயில் வேகும்படி சாபம். எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி. அவளுக்கு அமுதசுரபியிலிருந்து மணிமேகலை சோறு போடுகிறாள், பசி அடங்குகிறது. இத்தனை தின்கிறாயே என்று கேட்கவில்லை. காப்பியம் அந்தப் பசியைக் குணக்கேடாக நினைக்காமல் நோயாக நினைக்கிறது. நோய்க்கு மருந்து, நிறையும்படி போடுவது.

இந்த இரண்டு கதையில் எது அண்ணனுக்கு? ஒன்று குறைக்கச் சொல்கிறது, இன்னொன்று நிறைக்கச் சொல்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் செய்ய முடியுமா?

முடியும் என்பதற்கு 1863இல் லண்டனில் ஒரு சாட்சி உண்டு. வில்லியம் பேன்டிங், சவ அடக்கத் தொழில் செய்த குடும்பத்துக்காரர். சுமார் 92 கிலோ, ஐந்தடி ஐந்து அங்குலம். உடம்பைக் குறைக்கக் காலையில் படகு வலித்துப் பார்த்தார், பசிதான் கூடியது. காது மந்தம் என்று போன இடத்தில் ஒரு டாக்டர் ரொட்டி, சர்க்கரை, பால், பீர், உருளைக்கிழங்கை நிறுத்தச் சொன்னார். ஆனால் இறைச்சி, மீன் எல்லாம் வேளைக்கு வேளை உண்டு. ஏறக்குறைய ஒரு வருஷத்தில் 21 கிலோ போல இறங்கியது. அதை அவரே ஒரு சிறு நூலாக எழுதி வெளியிட்டார். மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறை முதன்முதலாகப் பரவலாகப் பேசப்பட்டது ஒரு பட்டினிக்காரரால் இல்லை, வயிறாரச் சாப்பிட்டவரால்.

இதற்கு உடம்பளவில் காரணம் உண்டு. 100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. அண்ணன் ஒரு வேளைக்குச் சாப்பிட்ட அரைக் கிலோ சோற்றில் 140 கிராம். ஒரு முட்டையில் ஒரு கிராம்கூட இல்லை, புரதம் ஆறு கிராம். 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட்டும் மற்றவர்களும் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, இரண்டு மணி நேரம் பசியைக் கேட்டுக்கேட்டுக் குறித்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால் முட்டைக்கு 150, மீனுக்கு 225. முதலிடம் அவித்த உருளைக்கிழங்குக்கு, 323. மாவுச்சத்து வயிற்றை நிறைக்காது என்று ஒரே அடியாகச் சொல்கிறவர்களுக்கு அந்த உருளைக்கிழங்கு நல்ல பதில். ஆனால் சர்க்கரைக்காரருக்கு உருளைக்கிழங்கு வழி கிடையாது. மீனும் முட்டையும் வழி.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அடுக்களை என் கைக்கு வந்தது. முதலில் ஒன்று புரிந்தது. அண்ணனுக்குக் காய் பிடிக்காது என்பது பாதி உண்மை. அவருக்குப் பிடிக்காதது வெறும் காய். கருவாடு போட்ட கத்தரிக்காய்க் குழம்பில் கத்தரிக்காயைத்தான் முதலில் எடுப்பார். இறால் போட்ட சுரைக்காய், முட்டை ஊற்றிக் கிண்டிய பீர்க்கங்காய், தேங்காயும் பூண்டும் தாராளமாகப் போட்ட முருங்கைக்கீரை எல்லாம் இறங்கும். நம் சமையலில் காய் எப்போதும் துணையோடுதான் தட்டுக்கு வந்திருக்கிறது. எண்ணெயையும் தேங்காயையும் பிடுங்கிவிட்டு அவித்து வைப்பது நோயாளிக்கு நாம் கண்டுபிடித்த தண்டனை.

இரண்டாவது விஷயம் காலிஃப்ளவரில் புரிந்தது. அண்ணி அதைத் துருவி, ஆவியில் வேகவைத்து, சோறு மாதிரியே குவித்து வைத்தார். ஒரு வாய் வைத்தவர், "இதுக்கு ஏன் சோறுன்னு பேரு வச்சிருக்கீங்க?" என்றார். நியாயமான கேள்வி. சோறு மாதிரி வேஷம் போட்ட பொருள் ஒவ்வொரு வாயிலும் சோறு இல்லை என்பதைத்தான் ஞாபகப்படுத்தும். அடுத்த வாரம் முட்டைக்கோஸை நீளவாக்கில் அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், மூன்று முட்டை, மிச்சமிருந்த கறித்துண்டு, இரண்டு கரண்டி சால்னா விட்டு, தோசைக்கல்லில் கொத்தினேன். பெரிய தட்டில் குவித்து, "இதுல பரோட்டா இல்ல, கோஸ்" என்று சொல்லித்தான் வைத்தேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். ஒளித்து வைத்து ஊட்டியிருந்தாலும் சாப்பிட்டிருப்பார்தான். ஆனால் பெரிய மனுஷனுக்குத் தெரியாமல் காயைத் திணிப்பது அவரைக் குழந்தையாக்குவது. கோஸ் கொத்து என்று அதற்குச் சொந்தப் பெயர் கொடுத்தால் அது பரோட்டாவின் ஏழைத் தம்பியாக நிற்க வேண்டியதில்லை.

மூன்றாவது, தட்டின் அளவு. நிறையச் சாப்பிடுகிறவருக்கு வயிறு மட்டும் நிறைந்தால் பத்தாது, கைக்கும் வாய்க்கும் வேலை வேண்டும். இருபது நிமிஷம் உட்கார்ந்து பிசைந்து சாப்பிட்டால்தான் சாப்பிட்டதாகக் கணக்கு. அதனால் பழைய தட்டே திரும்பி வந்தது. அதில் மீன் குழம்பு, இரண்டு துண்டு வறுவல், கீரை, கோஸ், ஒரு கரண்டி சோறு, கடைசியில் கெட்டித் தயிர். இதோடு மாத்திரையையும் டாக்டர் பார்த்துக் குறைத்தார். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் சோற்றை மட்டும் சட்டென்று நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து உண்டு. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் புரதத்தைக் கூட்டவும் டாக்டரைக் கேட்க வேண்டும்.

இதெல்லாம் சும்மா வரவில்லை. ரேஷனில் அரிசி இலவசம், முட்டை இலவசம் இல்லை. மட்டன் கிலோ 800 ரூபாயைத் தாண்டி ரொம்ப நாளாச்சு. ஒரு ஆள் நிறையச் சாப்பிட இன்னும் கொஞ்சம் உயிர்கள் போகின்றன என்பதையும் மறைக்க முடியாது. எங்கள் வீட்டில் அது பெரும்பாலும் முட்டை, சாளை மீன், வேர்க்கடலை, மீல்மேக்கர் என்று சமாளிக்கப்படுகிறது. மட்டன் மாதம் ஒரு தடவை. சோற்றைக் குறைப்பது எளிய கட்டுப்பாடு என்று பேசுகிறவர்கள், அந்தக் கட்டுப்பாட்டின் விலையையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இப்போது அண்ணியின் கேள்விக்கு வருகிறேன். அவருக்கு உரிமை இருக்கிறது. என்ன வாங்குவது, என்ன சமைப்பது, வீட்டில் எது இருக்கக் கூடாது, எனக்குப் பயமாக இருக்கிறது என்று முகத்துக்கு நேராகச் சொல்வது, எல்லாமே அவர் உரிமை. அடுக்களை எல்லாருக்கும் பொது. ஆனால் தட்டில் விழுந்த பிறகு அது சாப்பிடுகிறவருடையது. அங்கே எண்ண ஆரம்பித்தால் அவர் குறைவாகச் சாப்பிட மாட்டார், நம் கண்ணுக்குத் தெரியாமல் சாப்பிடுவார். திருக்குறளில் மருந்து என்ற அதிகாரத்தின் பத்துக் குறளில் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றியது. அதில் அளவு என்று சொல்லப்படுவது அவனவன் வயிற்றுத் தீயின் அளவு. அந்தத் தீ எரிகிறதா, அணைந்ததா என்று பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

சரி, ஒருத்தர் கடைசிவரை தன் குரலுக்கு ஆள் வைக்கவே இல்லை என்றால்? அப்போதும் கேட்கலாம், கெஞ்சலாம், சண்டை போடலாம். அவர் சார்பில் போதும் என்று சொல்ல மட்டும் முடியாது என்றுதான் நினைக்கிறேன். அது கஷ்டமான பதில். அண்ணி அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

போன மாதம் அண்ணன் என்னிடம், "டேய், ராத்திரி பத்து மணிக்கு மேல நான் மிக்சர் டப்பாவத் தேடுனா மட்டும் ஒரு வார்த்தை சொல்லு. மத்த நேரத்துல யாரும் வாயத் தெறக்கக் கூடாது" என்றார். சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோஸ் கொத்தில் முதல் தட்டு எனக்காம்.